பட்டர் டிஸ்க்: எதை வாங்குவது, எப்படி எறிவது? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்வெளியில் டிஸ்க் கால்ஃப் ஆடச் சங்கிலிக் கூடையை விரித்து வைத்தால் போதும், நடக்க வந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள். முதலில் "இது என்னங்க?" அடுத்த வாரம் "ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கிறேன்." அதற்கடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் நீளமான குரல் பதிவு. பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான் என்பதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

இடம், வலம் என்று வரும் இடங்களில் எல்லாம் வலது கைக்காரர் பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசும் முறை) எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடது கைக்காரர்கள் திருப்பிப் படிக்கவும்.

1. "இது ஃப்ரிஸ்பிதானே? இதுக்கு எதுக்கு கால்ஃப்னு பேரு?"

ஆட்டத்தின் கணக்கு கால்ஃப் கணக்குதான். பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. தொடங்கும் இடத்திலிருந்து எறிய வேண்டும், விழுந்த இடத்துக்குப் போய் மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தவர். அமெரிக்காவில் வாம்-ஓ நிறுவனத்தில் ஃப்ரிஸ்பியை மேம்படுத்திய எட் ஹெட்ரிக், 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவர் வடிவமைத்ததுதான். உலகம் முழுக்க விதிகளை வகுக்கும் பி.டி.ஜி.ஏ. சங்கம் 1976-இல் தொடங்கியது.

டிஸ்கில் மூன்று குடும்பங்கள்: தூரத்துக்கு டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடைக்கு அருகில் பட்டர். இந்தப் பக்கம் முழுக்கப் பட்டரைப் பற்றித்தான்.

2. "பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. பட்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

விளிம்பைத் தடவிப் பாருங்கள். டிரைவரின் விளிம்பு அகலமாக, ஓரத்தில் கூராக இருக்கும். விதிப்படி 2.6 செ.மீ. வரை போகலாம். பட்டரின் விளிம்பு ஒரு செ.மீ. அளவில் குறுகலாக, ஓரம் மழுங்கலாக இருக்கும். உட்புறம் ஆழமாக இருக்கும், விரல் நன்றாக உள்ளே போகும்.

மழுங்கிய ஓரம் காற்றைக் கிழிக்காது. அதனால் வேகம் குறைவு, விழும் இடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிடும். கூடையைத் தவறவிட்டாலும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கிடக்கும், அடுத்த எறியில் போட்டுவிடலாம். டிரைவரை அதே இடத்திலிருந்து எறிந்து தவறினால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

3. "மேல நாலு நம்பர் போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

வரிசையாக: வேகம், மிதப்பு, திருப்பம், முடிவில் இடப்பக்கச் சாய்வு. ஆங்கிலப் பெயர்களிலேயே எல்லாரும் சொல்வார்கள்: ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். பட்டர்களின் வேகம் 1 முதல் 4 வரை. கிளைட் கூடினால் காற்றில் அதிக நேரம் மிதக்கும். டர்ன் கழித்தல் எண்ணாக இருந்தால் வேகத்தில் வலப்பக்கம் திரும்பும். ஃபேட் கூடினால் வேகம் குறையும்போது இடப்பக்கம் இறங்கும்.

எடுத்துக்காட்டாக, இன்னோவாவின் ஏவியார் 2 / 3 / 0 / 1. டிஸ்கிராஃப்டின் ஸோன் 4 / 3 / 0 / 3. முதலாவது நேராகப் போய் லேசாக இடப்பக்கம் சாயும், இரண்டாவது உறுதியாக இடப்பக்கம் இறங்கும். எண்களை அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்கிறது. ஒரு நிறுவனத்தின் 3-ஐ இன்னொரு நிறுவனத்தின் 3-ஓடு ஒட்டி வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

4. "அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் வாங்கப் போறேன். எதை வாங்கறது?"

நேராகப் பறக்கும் பட்டர் ஒன்று. டர்ன் 0, ஃபேட் 1 அல்லது 2. ஏவியார், டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ், டிஸ்க்மேனியாவின் பி2 எல்லாம் இந்த வகை. பன்னிரண்டு முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோ கையில் இருந்தது ஏவியார் வகைதான். டிஸ்க் கால்ஃப் வீரர் பால் மெக்பெத்தின் லூனா கொஞ்சம் அதிகமாக இடப்பக்கம் முடியும், ஆனாலும் முதல் டிஸ்காக வைத்துக்கொள்ளலாம்.

ஏன் நேர் டிஸ்க்? ஒரே டிஸ்க் நான்கு வேலை பார்க்க வேண்டும்: கூடைக்குள் போட, முப்பது நாற்பது மீட்டரிலிருந்து கூடை அருகே இறக்க, மரத்தைச் சுற்றி இடமோ வலமோ வளைக்க, தொடக்கத்திலிருந்தே எறிய. நேர் டிஸ்கை இடப்பக்கம் சாய்த்து விட்டால் இடப்பக்கம் போகும், வலப்பக்கம் சாய்த்து விட்டால் வலப்பக்கம் போகும். ஃபேட் அதிகமுள்ளதை வலப்பக்கம் போகச் சொன்னால் பாதி வழியில் திரும்பி வந்துவிடும். தவிர, நேர் டிஸ்க் கோணலாகப் போனால் கோணல் கையில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பட்டியலில் இருக்கும் பெயர்களுக்குள் எது என்று கேட்டால், கைக்குப் பிடித்தது என்பேன். சிங்கப்பூரில் கடையில் போய் வரிசையாகத் தொட்டுப் பார்க்கும் வசதி குறைவு. விளையாடுகிறவர்களிடம் கேளுங்கள், பையைத் திறந்து காட்டாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். விரலை மாற்றி மாற்றி வைக்கத் தோன்றினால் அது உங்கள் டிஸ்க் இல்லை.

அப்புறம், விளையாட்டு பிடித்துவிட்டால் இரண்டாவதாகவும் அதே மாடலையே வாங்குங்கள். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். காரணம் 13-இல்.

5. "என் பொண்ணுக்குப் பதினொரு வயசு. 175 கிராம் கனமா இருக்காதா?"

இருக்கும். அவளுக்கு 150 முதல் 160 கிராம் வரை பாருங்கள். பெரியவர்களுக்கு 170-க்கு மேல் நல்லது, காற்றில் அலையாது. உச்ச எடைக்கும் கணக்கு உண்டு: விட்டத்தில் ஒரு செ.மீ.க்கு 8.3 கிராம். பட்டர்கள் 21 செ.மீ. சொச்சம் என்பதால் 175-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன.

சின்னக் கைக்கு எடையைவிட ஆழம்தான் முக்கியம். உட்புறம் ரொம்ப ஆழமாக இருந்தால் விரல் நுனி அடியில் எட்டாது, எறியும்போது நழுவும். ஆழம் குறைந்த பட்டரை ஒருமுறை பிடிக்கக் கொடுங்கள், முகத்திலேயே தெரிந்துவிடும்.

6. "பீட் பீட்னு சொல்றாங்களே, அது என்ன?"

விளிம்பின் அடியில் ஓடும் சின்ன மேடு. இருந்தால் டிஸ்க் கொஞ்சம் உறுதியாக, இடப்பக்கம் முடிய வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் விரலிலிருந்து வழவழவென்று விலகும். சிலருக்கு அந்த மேடு விரலை இடிக்கும், சிலருக்கு அது இருந்தால்தான் பிடி கிடைக்கும். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

7. "எந்த பிளாஸ்டிக் வாங்கறது? இங்க வியர்வையில கை வழுக்கிக்கிட்டே இருக்கே."

இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளலாம். அடிப்படை பிளாஸ்டிக் விலை குறைவு, மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பு, கையில் ஒட்டும். சங்கிலியில் பட்டு, மரத்தில் பட்டுச் சீக்கிரம் தேயும். உயர்ரக பிளாஸ்டிக் கண்ணாடிபோலப் பளபளப்பாகவோ ரப்பர்போலவோ இருக்கும், வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் ஈரக் கையில் வழுக்கும். கூடைக்குள் போட அடிப்படை பிளாஸ்டிக், தூரமாக எறிய உயர்ரகம் என்பதுதான் பலரும் வைத்திருக்கும் ஏற்பாடு.

நம் ஊருக்கு இதில் கூடுதல் கணக்கு உண்டு. பகலில் 31, 32 டிகிரி, காற்றில் எப்போதும் ஈரம். வெளிநாட்டுக் காணொளிகளில் 'சாஃப்ட்' வாங்கச் சொல்வார்கள், அது குளிரில் பிளாஸ்டிக் இறுகிப்போகும் ஊருக்கான யோசனை. இங்கே சாஃப்ட் டிஸ்க் மதியம் பன்னிரண்டு மணிக்கு அப்பளம் மாதிரி துவண்டுவிடும். நடுத்தரக் கடினம் போதும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள், வளைந்துவிடும். நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்தே வையுங்கள்.

வியர்வைக்கு: சின்னத் துண்டு இரண்டு, ஒன்று டிஸ்குக்கு, ஒன்று கைக்கு. ஒரே துண்டால் இரண்டையும் துடைத்தால் அரை மணி நேரத்தில் அது சொதசொதவென்று ஆகி, துடைக்கத் துடைக்க வழுக்கும். மலையேறுபவர்கள் கை வழுக்காமலிருக்கப் பயன்படுத்தும் வெள்ளைத் தூள் (சாக்) பை ஒன்றும் உதவும். முக்கியமாக, சன்ஸ்கிரீன் பூசிய கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தொடுங்கள். அந்தப் பசை பட்ட விளிம்பைச் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் பழைய பிடி வரும்.

8. "என்கிட்ட அல்டிமேட் ஆடற டிஸ்க் இருக்கு. பாலிடெக்னிக்ல ஆடினது. அதையே வச்சுக்கலாமா?"

முதல் இரண்டு வாரம் தாராளமாக. அணிகளாகப் பிரிந்து ஃப்ரிஸ்பி வீசி ஆடும் அல்டிமேட்டின் டிஸ்கும் 175 கிராம்தான், ஆனால் விட்டம் 27 செ.மீ. அளவு. அதே எடை பரந்த தட்டில் இருப்பதால் ரொம்ப மிதக்கும், காற்றடித்தால் தூக்கிக்கொண்டு போகும். கூடை தாண்டிப் போய் விழும்.

அல்டிமேட் ஆடி வந்தவர்களுக்கு ஒரு பெரிய லாபம், சுழற்சி ஏற்கெனவே கையில் இருக்கும். உள்ளங்கை முன்னே வர வீசும் ஃபோர்ஹேண்டும் வரும். பட்டருக்கு மாறியதும் முதல் நாள் எல்லாம் தரையில் குத்தும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

9. "ஸ்பின்னா, புஷ்ஷா? யூடியூப்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

ஸ்பின் என்றால் மணிக்கட்டைச் சுழற்றி, டிஸ்க் நேர்கோட்டில் விரைந்து போவது. புஷ் என்றால் காலும் கையும் சேர்ந்து கீழிருந்து தூக்கிவிட, டிஸ்க் வளைவாக ஏறி மெல்லக் கூடையில் இறங்குவது. ஸ்பின் காற்றடித்தாலும் அசராது, தவறினால் தூரம் போகும். புஷ் தவறினால் கூடையடியிலேயே விழும், காற்றில் அலையும். பெரும்பாலானவர்கள் கடைசியில் இரண்டும் கலந்த ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வலது கால் முன்னே, இடது கால் தோள் அகலத்துக்குப் பின்னே. கட்டை விரல் மேலே, ஆள்காட்டி விரல் விளிம்பை ஒட்டி, மற்ற மூன்று விரல்களும் அடியில் விசிறியாக விரிந்து. டிஸ்கைத் தொப்புள் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். எடை பின்காலுக்குப் போகட்டும், முன்காலுக்கு வரும்போது கை கூடையை நோக்கி நேராக நீளட்டும். பக்கவாட்டில் வீசாதீர்கள். விட்ட பிறகு விரல்கள் எல்லாம் படக்கென்று விரிந்து கூடையைக் காட்ட வேண்டும். முஷ்டி மூடியிருந்தால் டிஸ்கைப் பிடித்து வைத்துக்கொண்டு விட்டீர்கள் என்று அர்த்தம், அது வலப்பக்கம் போயிருக்கும்.

பார்வை கூடை முழுவதிலும் அலையக்கூடாது. ஒரு சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைப் பாருங்கள்.

10. "புளோக்குக் கீழ வெற்றுத்தளத்துல பழகலாமா? கூடையும் இல்லையே."

வெற்றுத்தளம் வேண்டாம். பந்து விளையாடாதீர்கள் என்ற பலகை அநேக புளோக்குகளில் இருக்கும். டிஸ்க் பந்து இல்லையே என்று வாதாடத் தோன்றும், அந்த வாதம் நகர மன்றத்திடம் எடுபடாது. தூணுக்குப் பின்னாலிருந்து யாராவது மளிகைப் பையோடு வருவதும் தெரியாது. தாழ்வாரம் இன்னும் மோசம், பக்கத்து வீட்டுச் செடிச் சட்டி தப்பாது.

வீட்டுக்குள்ளேயே பழகலாம். சோபாவில் ஒரு தலையணை, மூன்று மீட்டர் தூரம், அவ்வளவுதான். அந்தத் தூரத்தில் உயரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகப் போகிறதா, தட்டையாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். மடக்கும் பயிற்சிக் கூடை வாங்கினால் சங்கிலிச் சத்தத்தை நினைவில் வையுங்கள். கீழ்வீட்டுக்காரருக்கு இரவு பத்து மணிக்குச் சங்கிலி குலுங்கும் சத்தம் கேட்டால் அவர் வேறு ஏதாவது கற்பனை செய்துகொள்வார். துணி வலை வைத்த கூடைகளும் கிடைக்கின்றன, அடுக்குமாடிக்கு அதுவே ஏற்றது.

11. "பார்க்ல எறிஞ்சா யாரும் திட்ட மாட்டாங்களா?"

பட்டரைக் கூடைக்குப் போட்டுப் பழகுவதற்கு யாரும் முகம் சுளித்ததில்லை. தூரமாக எறிவதுதான் பிரச்சினை. டிஸ்க் கால்ஃப் டிஸ்க் கடினமானது, முகத்தில் பட்டால் தையல் போட வேண்டி வரும். பூங்கா இணைப்புப் பாதை, சைக்கிள் தடம், விளையாட்டு மைதானம் இவற்றின் திசையில் எறியவே கூடாது. இடப்பக்கம் முடியும் டிஸ்க் என்றால் இடப்பக்கம்தான் காலியாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காலை ஏழுக்கு முன் புல்வெளிகள் காலியாக இருக்கும். ஆள் வந்தால் நிறுத்துங்கள், அவர்கள் போன பிறகு எறியுங்கள். ஆட்களைச் சேர்த்துப் போட்டி மாதிரி நடத்துவதென்றால் முதலில் தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி கேளுங்கள். இளமரங்களைக் கூடையாக வைத்து அடிக்க வேண்டாம், பட்டை உரிந்துவிடும்.

12. "ஈஸ்ட் கோஸ்ட்ல போட்டா ஒண்ணுமே உள்ள போக மாட்டேங்குது. வீட்டுக்கிட்ட எல்லாம் போகுது."

காற்று. பிற்பகலில் கடலிலிருந்து அடிக்கும் காற்று தரையில் நிற்கும்போது பெரிதாகத் தெரியாது. சவுக்கு மர நுனியைப் பாருங்கள், தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க் போகும் உயரத்துக் காற்றுதான் முக்கியம், கன்னத்தில் படுகிற காற்று முக்கியமில்லை.

எதிர்காற்று டிஸ்கைத் தூக்கும். முன்விளிம்பு கொஞ்சம் மேல்நோக்கி இருந்தாலும் போதும், கூடைக்கு மேலே ஏறிப் பின்னால் போய் விழும். அதனால் மூக்கைத் தாழ்த்தி, வழக்கத்தைவிடக் கீழே குறிவைத்து, சுழற்சியோடு உறுதியாக விடுங்கள். பின்காற்று அமுக்கும். வழக்கமாகப் பார்க்கும் கண்ணிக்கு மேலே, சங்கிலியின் உச்சியைப் பார்த்து விட்டால் நடுவில் விழும். கூடையின் வெளிப்பக்கத்தில் மோதிக் கீழே விழும் எறிகளில் பாதி பின்காற்று எறிகள்தான்.

பக்கக் காற்றில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். டிஸ்கின் இட ஓரம் தாழ்ந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலமிருந்து வரும் காற்று அடிப்பக்கத்தில் பட்டு, தூக்கி இடப்பக்கம் கொண்டு போகும். இடமிருந்து வரும் காற்று மேற்பக்கத்தில் பட்டு, கீழே அமுக்கும். எந்தக் காற்றிலும் அடிவயிற்றைக் காட்டாமல் விட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. காற்று ரொம்பப் பலமாக இருந்தால் 9-இல் சொன்ன புஷ்ஷை மறந்துவிட்டு ஸ்பின்னுக்கு வாருங்கள். பத்து மீட்டரில் போடப் பார்த்துத் தாண்டிப் போவதைவிடக் கூடையடியில் இறக்கிவிட்டு அடுத்ததில் போடுவது நல்ல கணக்கு.

13. "ஒரே மாடல் ரெண்டு எதுக்கு? என் நண்பன் ஸோன் வாங்கச் சொல்றான்."

நண்பர் சொல்வதும் தவறில்லை. ஸோன், வெஸ்ட்சைடின் ஹார்ப், இன்னோவாவின் பிக் எல்லாம் உறுதியாக இடப்பக்கம் முடிபவை. பலத்த எதிர்காற்றிலும் ஃபோர்ஹேண்டிலும் நேர் பட்டரைவிட இவற்றை நம்பலாம். மூன்றாவது டிஸ்காக வாங்குங்கள்.

இரண்டாவது ஏன் அதே மாடல்? முதலாவது அடிப்படை பிளாஸ்டிக்கில், கூடைக்குள் போட மட்டும். இரண்டாவது உயர்ரகத்தில், எறிவதற்கு. கையில் பிடி ஒன்றுதான், விரல் போகும் இடம் ஒன்றுதான். நாற்பது மீட்டரில் எறிவதும் ஐந்து மீட்டரில் போடுவதும் ஒரே உணர்வில் நடக்கும். பயிற்சியிலும் லாபம்: கூடைக்குப் போடும் டிஸ்க் மரத்தில் மோதாததால் அதன் பறப்பு மாறாமல் இருக்கும்.

14. "பழைய பட்டர் இப்ப வலப்பக்கமா திரும்புது. தூக்கிப் போட்டுடவா?"

போடாதீர்கள். அடிபட்டுத் தேய்ந்த பட்டர் மெல்ல வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். இடப்பக்கம் மரம் மறைத்தால் அந்த வளைவைப் புது டிஸ்கில் கொண்டுவர எவ்வளவு பாடு! விளிம்பில் பிசிறு நின்றால் மட்டும் விரலை அறுக்கும், அதை நகவெட்டியின் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

15. "டிரைவரே இல்லாம, பட்டரை மட்டும் வச்சு முழு ஆட்டமும் ஆட முடியுமா?"

முடியும், முதல் சில மாதங்களுக்கு அப்படித்தான் ஆட வேண்டும் என்றே சொல்வேன். புதிதாக வருபவர்கள் எல்லாரும் வேகம் 12, 13 உள்ள டிரைவரைத் தூக்குகிறார்கள். அந்த வேகத்தில் எறியக் கை பழகவில்லை என்றால் அது இடப்பக்கம் பாய்ந்து விழுந்துவிடும், பட்டர் போகிற தூரம்கூடப் போகாது. நன்றாக விட்ட பட்டர் ஐம்பது, அறுபது மீட்டர் போகும். நமக்குக் கிடைக்கும் புல்வெளிகளின் நீளத்துக்கு அதுவே அதிகம்.

எறியும்போது 9-இல் சொன்ன விசிறிப் பிடியை விட்டுவிடுங்கள். நான்கு விரலும் விளிம்பின் உட்சுவரை அழுத்தட்டும். மெதுவாக, தட்டையாக. பறக்கும்போது டிஸ்க் நடுங்கினால் விடும் கணத்தில் மணிக்கட்டு ஆடுகிறது. பலத்தைக் குறைத்து அந்த நடுக்கம் போகும்வரை எறிந்து பாருங்கள்.

16. "பத்து மீட்டர் வட்டம்னா என்ன? எறிஞ்சதும் கால் முன்னாடி போயிடுது, தப்பா?"

கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் எறிந்தால், எறிந்த பிறகு உடல் சமநிலையில் நிற்கிறது என்று காட்டிய பிறகே முன்னே நகரலாம். தடுமாறிக் கால் முன்னே போனால் விதிமீறல். பத்து மீட்டருக்கு வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் அங்கே பலர் குதித்தபடி எறிகிறார்கள். ஆனால் டிஸ்க் கையைவிட்டுப் போகும் கணத்தில் கால் தரையில் இருக்க வேண்டும்.

நிற்கும் இடமும் விதிப்படிதான்: கீழே கிடக்கும் டிஸ்குக்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் உள்ள கட்டத்தில் ஒரு கால் இருக்க வேண்டும். கூடையின் தலைமேல் போய் உட்கார்ந்த டிஸ்க் உள்ளே போனதாகாது. எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் சரி.

17. "சங்கிலில நல்லா படுது, ஆனா வெளிய வந்து விழுது. கூடை சரியில்லையா?"

மலிவான பயிற்சிக் கூடைகளில் சங்கிலி குறைவு, அது ஒரு காரணம். பெரும்பாலும் காரணம் எந்தப் பக்கம் படுகிறது என்பதுதான். வலது கை பேக்ஹேண்டில் டிஸ்க் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுழலும். கூடையின் நடுக் கம்பத்துக்கு இடப்பக்கம் பட்டால் அந்தச் சுழற்சியே டிஸ்கைப் பின்பக்கமாகத் தள்ளி வெளியே அனுப்பும். வலப்பக்கம் பட்டால் சுழற்சி அதை நிறுத்தும், ஃபேடும் கம்பத்தை நோக்கியே இழுக்கும்.

ஆகவே கம்பத்துக்கு ஒரு சாண் வலப்பக்கச் சங்கிலியைப் பாருங்கள். அங்கே பட்டும் துள்ளி வந்தால் வேகம் அதிகம், ஐந்து மீட்டருக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை.

18. "மழை வந்தா நிறுத்தணுமா? கால்வாய்ல விழுந்தா எப்படி எடுக்கிறது?"

தூறலுக்கு நிறுத்த வேண்டாம், துண்டு கூடுதலாக இருந்தால் போதும். இடிச்சத்தம் கேட்டதும் கூடையைவிட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். வெட்டவெளியில் இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பதற்கு எந்த ஆட்டமும் ஈடில்லை. விடிகாலையில் வரும் சுமத்ரா காற்று பத்து நிமிடத்தில் வானத்தைக் கறுக்கவைத்துவிடும், மை-என்வி செயலியில் வானிலையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கால்வாயில் விழுந்த டிஸ்கை விட்டுவிடுங்கள். மேட்டில் பெய்த மழைக்கு இங்கே நீர்மட்டம் சட்டென்று ஏறும். தண்ணீர் ஓரம்தான் உங்கள் இடம் என்றால், இன்னோவாவின் ஹைட்ரா மிதக்கும் பட்டர், அதை வாங்கலாம். கரையோரம் ஒதுங்கினால் நீளக் குச்சி போதும்.

19. "ஆன்லைன்ல வெளிநாட்டிலேர்ந்து வாங்கினா வரி கட்டணுமா?"

ஆமாம். 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளிக்குள்ளான பார்சல்களுக்கும் பொருள், சேவை வரி உண்டு. பதிவு செய்த வெளிநாட்டுக் கடைகள் பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துவிடும். 2024 முதல் 9 விழுக்காடு. டிஸ்க் விலையைவிட அனுப்பும் செலவுதான் வயிற்றைக் கலக்கும், அதனால் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாங்குங்கள். கரோசலில் பயன்படுத்தியது வருகிறதா என்றும் பாருங்கள், கொஞ்சம் தேய்ந்த அடிப்படை பிளாஸ்டிக் பட்டர் புதியதைவிடக் கைக்கு இணக்கமாகவே இருக்கும்.

20. "நீங்க சொன்ன மாதிரி ஒரே மாடல் ரெண்டு வாங்கினேன். ரெண்டும் வேற மாதிரி பறக்குதே?"

பறக்கத்தான் செய்யும். உயர்ரகப் பிளாஸ்டிக்கில் அதே மாடல் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாக இடப்பக்கம் முடியும். ஒரே பிளாஸ்டிக்கிலும் வார்த்து எடுத்தபின் குளிர்கிற விதத்தைப் பொறுத்து ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் வரும். மேசையில் அடுத்தடுத்து வைத்து விளிம்பின் நடுக்கோட்டைப் பாருங்கள்: கோடு உயரமாக இருப்பது உறுதியாக இடப்பக்கம் முடியும், தாழ்வாக இருப்பது நேராகப் போகும்.

அதிகம் இடப்பக்கம் முடிவதை எறிவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அது தேய்ந்து நேராகும்.

21. "மூணு மாசமா ஏவியார் வச்சிருக்கேன், உள்ள போக மாட்டேங்குது. பட்டரை மாத்திட்டா சரியாகுமா?"

ஒரு வாரம் சரியாகும். புது டிஸ்க் கையில் வந்ததும் கவனம் கூடும், கவனத்தால் உள்ளே போகும். எட்டாவது நாள் பழைய கதை.

மாற்றுவதற்கு முன், தவறுகிற எறிகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். ஒரே பக்கம் தவறினால் கையும் காலும் நிற்கும் விதத்தில் ஏதோ இருக்கிறது, 9-ஐத் திரும்பப் படியுங்கள். இடம், வலம், மேல், கீழ் என்று கண்டபடி தவறினால் தூரத்தைக் குறையுங்கள். மூன்று மீட்டரில் பத்துக்குப் பத்து போகும்வரை ஐந்துக்குப் போகாதீர்கள். விரலில் எங்கேயோ இடிக்கிறது, விடும்போது ஒட்டிக்கொள்கிறது என்று டிஸ்கின் மேலேயே புகார் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் பழையதை விற்றுவிட வேண்டாம், 14-இல் சொன்ன வேலைக்கு ஆகும்.